வெள்ளிக்கிழமைப் பரீட்சை

"'டிசைட்'. இது என்ன, சொல்லு பார்ப்போம்."

தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்திருந்த போனிலிருந்து கணவனின் குரல் கேட்டது. தையல்காரி தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வெர்ப். முடிவு பண்றது."

"ம். 'டிசிஷன்'?"

"நௌன். முடிவு."

"'டிசைசிவ்'?"

அவள் உதட்டைக் கடித்தாள். இந்த மூன்றாவது ரகத்தோடுதான் எப்போதும் தகராறு. "அட்ஜெக்டிவ்... தானே?"

"சபாஷ்டி குண்டூசி! செய்றது வெர்ப், அதோட பேரு நௌன், எப்படிப்பட்டதுன்னு சொன்னா அட்ஜெக்டிவ். சட்டைக்குக் கை வச்சுத் தைக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?"

"போதும், ரொம்பத்தான் ஐஸ் வைக்காதீங்க," என்று சிரித்தாள்.

கடல் தாண்டி ஒரு துறைமுகத்துக்குக் கிரேன் ஓட்டப் போனவன் அவன். மனைவி அங்கே வந்து சேர வேண்டுமானால் ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டிருந்தாள். இருவரும் சேர்ந்து குடித்தனம் செய்ததைவிட அவள் இதற்குப் படித்ததுதான் அதிகம்.

அண்ணி பால் டம்ளரோடு வந்தாள். "நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. இதையாவது குடிம்மா."

"இந்தப் பாடம் முடியட்டும் அண்ணி. வெள்ளிக்கிழமை பரீட்சை. வெளியில யாரு நாற்காலியை இழுக்குறாங்க? கொஞ்சம் மெதுவாப் போடச் சொல்லுங்களேன்."

அண்ணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

"'லிவ்'?"

"வெர்ப். வாழ்றது."

"'லைஃப்'?"

"நௌன். வாழ்க்கை."

"'அலைவ்'?"

நாற்காலிச் சத்தத்தில் கவனம் சிதறியது. "வெர்ப்," என்றாள்.

"கரெக்ட்! கலக்குற போ!"

"ஐயோ, இல்லங்க. தப்பாச் சொல்லிட்டேன். அது அட்ஜெக்டிவ். உயிரோட இருக்கிறவரைச் சொல்றது."

அதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இந்தத் தடவை நீ பாஸ்தான், எழுதி வச்சுக்கோ. இங்க ஜன்னல் வச்ச ரூம் ஒண்ணு பார்த்திருக்கேன். உன் மெஷினைப் போட இடம் இருக்கு."

"நிஜமாவா? வெளிச்சம் நல்லா வருமா?"

"சரி, ஷிப்டுக்கு நேரமாச்சு. மீதியை நாளைக்குப் பேசி அனுப்புறேன்."

போன் அடங்கியது. அவள் அதைக் கையில் எடுத்து விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவனிடமிருந்து வேறு குரல் பதிவு எதுவும் வந்திருக்கவில்லை.

வாசலில் வண்டி ஒன்று வந்து நின்றது. வெளியே பேச்சுச் சத்தம் சட்டென்று ஓய்ந்தது. அண்ணன் உள்ளே வந்து அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். போனை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கினான்.

"எழுந்திரும்மா. மாப்பிள்ளையோட உடம்பு வந்துடுச்சு."