துப்பாக்கிக்குக் கண் வந்தது

நிலக்கடலை போட்டிருந்த காட்டுக்காரர் ஒருவரிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஆனால் தூரத்துக் குறியெல்லாம் தப்பிவிடும். காட்டின் மறுகோடியில் கடலைச்செடியைக் கொறிக்கும் முயல் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று கத்தும்: "என்னப்பா, இன்னைக்கும் கோட்டை விட்டுட்டியா?"

துப்பாக்கிக்குக் கோபமே வராது. அந்தக் குரலுக்காகத்தான் அது விடியலுக்குக் காத்துக் கிடக்கும். முயலின் முகத்தை மட்டும் அது பார்த்ததில்லை. அவ்வளவு தூரத்தில் முயல் வெறும் பழுப்புப் புள்ளி. "ஒரே ஒரு தடவை கிட்டத்துல பார்த்துட்டா போதும்" என்று ஏங்கும்.

காட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு குழலை மாற்றி, விசையை இலகுவாக்கி, மேலே தொலைநோக்கி ஒன்றைப் பொருத்தினார்.

மறுநாள் தொலைநோக்கி கூப்பிட்டது: "இதோ பாரு, உன் ஆளு!"

அம்மாடி! மீசையெல்லாம் மண். ஒரு காதில் கிழிசல். மெல்லும்போது மூக்கு என்னமாய்த் துடிக்கிறது! துப்பாக்கி சொக்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காட்டுக்காரர் விசையை இழுத்தார்.

அன்று கேலிக்குரல் வரவில்லை.

இப்போதும் விடிந்தால் தொலைநோக்கி பெருமையாகக் கேட்கிறது: "எவ்வளவு தெளிவாத் தெரியுது பார்த்தியா?"

"தெரியுது," என்கிறது துப்பாக்கி. "ஒவ்வொரு கடலைப்பூவும் தெரியுது."