பயிற்சி லாரியில் அப்பா

வீட்டுக்குப் பக்கத்திலேயே லாரி ஓட்டக் கற்றுத்தரும் கல்லூரி இருந்தும், சரோஜினி தன் மகள் தென்றலைச் சங்ககிரியில்தான் சேர்த்தாள். அங்கே லாரிக்குள்ளிருந்து பாடம் நடத்தியவர்கள் இறந்துபோன ஓட்டுநர்களே. ஒரு லாரியில் சரோஜினியின் கணவர் முத்துவேலின் குரல் இருந்தது. அப்பனிடமே கற்றுக்கொள்ளட்டும் என்று ஆசைப்பட்டாள்.

முதல் நாள் சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, தானும் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டாள்.

"பேரென்ன கண்ணு?" என்றது குரல்.

"தென்றலுங்கப்பா."

"அட, எம்பொண்ணு பேரும் அதேதான்! அஞ்சாவது படிக்கிறா. அவளை மட்டும் இந்தப் பொழப்புக்கு விடவே மாட்டேன். சரி, நீ கிளட்சை மிதி."

தென்றல் மிதிக்காமல், திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பக்கத்துக் கல்லூரியிலேயே சேர்த்திருக்கலாம் என்று சரோஜினிக்கு அப்போதுதான் பட்டது.

"பயப்படாத கண்ணு, மிதி" என்றார் முத்துவேல்.

பழங்கள் நசுங்காமலே கிடந்தன.