நாற்பத்தோராம் பூ

ஜன்னலை இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

ஐந்து நாற்பது. பால்காரர் போய்விட்டார். தெருவிளக்கு இன்னும் அணையவில்லை.

கீழே மதில் ஓரத்தில் செம்பருத்தி. ஒற்றை அடுக்குப் பூ, ஐந்து இதழ், சிவப்பு. நேற்று மாலை ஏழு மொட்டு. நோட்டில் எழுதினாள். எழுதிய பிறகு மறுபடி போய் எண்ணினாள்.

ஏழுதான்.

காலையில் ஆறு இருக்கும். தினமும் ஒன்று குறைந்துகொண்டிருந்தது.

முதல் இரண்டு வாரம் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். மாலைக் கல்லூரியில் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு, பதிவு எண்ணைச் சரியாக எழுதினோமா என்று பஸ்ஸில் வீடுவரை யோசிக்கிறவள். மொட்டை மட்டும் எப்படி நம்புவது?

பூத் திருடுகிறவர்களை அவளுக்குத் தெரியும். நடைப்பயிற்சி என்று ஷூ போட்டுக்கொண்டு, கையில் பாலித்தீன் பையோடு வருவார்கள். எதிர்வீட்டு மதிலுக்கு மேல் கொக்கிக் கம்பை நீட்டுவார்கள். மொட்டைக்கூட விடமாட்டார்கள். அந்தப் பூவைப் படத்துக்கு வைத்துவிட்டு, நல்ல புத்தி கொடு என்று வேண்டிக்கொள்வார்கள்.

இது அந்த ரகம்கூட இல்லை.

ஒரே ஒரு பூ.

திருடுவதற்குக்கூடத் துணிச்சல் போதாத ஜென்மம்.

இன்று பிடித்துவிடலாம். சொல்ல வேண்டியது தயார். 'கேட்டிருந்தா கூடை நெறையக் குடுத்திருப்பேனே.' கண்ணாடி முன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாகிவிட்டது. இரண்டாவது முறை உதடு நன்றாகக் கோணியது.

ஆள் வந்தது.

கோமளா.

தெருமுனையில் தையல் மெஷின் போட்டிருப்பவள். மிச்சத் துணியைத் திருப்பித் தராதவள். கேட்டால், மிச்சமே விழவில்லை கண்ணு என்பவள்.

இவளேதான். வேறு யாருக்கு இந்த அற்பப் புத்தி வரும்?

நைட்டிமேல் ஒரு துண்டு. காலில் செருப்பில்லை. தாழ்ந்த கிளையில் ஒரு பூவைக் கிள்ளினாள்.

கூடை இல்லை. பை இல்லை.

அடியிலிருந்த பச்சையை உரித்தாள். நடுத் தண்டை உருவிப் போட்டாள். ஐந்து இதழையும் ஒன்றாக மடித்தாள்.

வாயில் போட்டுக்கொண்டாள்.

அங்கேயே. மதிலைப் பார்த்தபடி. கண்ணை மூடிக்கொண்டு.

ஜன்னலை முழுதாகத் திறந்தாள்.

நேற்று மாலை வகுப்புக்குக் கிளம்புமுன் செடிக்குப் பூச்சிக்கொல்லி தெளித்திருந்தாள். மாவுப்பூச்சி. சோப்புத் தண்ணீருக்கும் வேப்பெண்ணெய்க்கும் அடங்கவில்லை. லிட்டருக்கு இரண்டு மில்லி, சிரிஞ்சில் அளந்து. ஏழு நாள் யாரும் தொடக் கூடாது என்று கடைக்காரர் சொன்னதையும் எழுதிவைத்தாள். மதிலில் ஓர் அட்டை மாட்டலாம் என்று மார்க்கரைத் திறந்தாள்.

பிறகு மூடிவிட்டாள். திருடுகிறவர்களுக்கு எதற்கு அறிவிப்பு? சாமி படத்துக்கு வயிறு வலிக்கப்போவதில்லை.

"அக்கா."

தயார்செய்தது வரவில்லை.

"அக்கா, துப்புங்க. துப்பிடுங்க."

கோமளா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

விழுங்கினாள்.

பிடிபட்டவர்கள் செய்வது அதுதான். ஒன்றுமில்லை என்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

சொம்பில் தண்ணீரும் ஒரு பிடி உப்புமாக மாடியிலிருந்து படியிறங்கி ஓடினாள். கேட்டைத் திறப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். விஷம் என்பதை இரண்டு முறை சொன்னாள். முதலில் இதைக் குடித்துக் கக்க வேண்டும், பிறகு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றாள்.

கோமளா சொம்பை வாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு மதிலில் சாய்ந்தாள்.

பிறகு கையை எடுத்தாள். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். எட்டு மாதமாக உதிரம் நிற்கவில்லை. அடுத்த மாதம் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், வெறும் வயிற்றில், பறித்த இடத்திலேயே தின்றால் நிற்கும் என்று யாரோ சொன்னார்கள். பத்து நாளாகக் குறைந்திருக்கிறது. பூவைக் கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்டால், எதற்கென்று சொல்ல வேண்டும்.

"இன்னிக்கு நாப்பத்தொன்னு கண்ணு. கக்கிட்டா மறுபடி ஒன்னுலருந்து ஆரம்பிக்கணும்."

நோட்டில் நாற்பது இருந்தது. இன்றோடு நாற்பத்தொன்று. ஒரு நாள்கூட அவள் தவறாக எண்ணியிருக்கவில்லை.

முட்டாள் என்று நினைத்தாள். யாரோ சொன்னார்களாம். மண்டலமாம். வடிகட்டின முட்டாள்.

மாடியில், மேஜைமேல், மார்க்கர் மூடியபடி இருந்தது.

கோமளாவின் நெற்றியில் வியர்வை. பயத்திலா, வேறு எதனாலா என்று தெரியவில்லை. அவள் செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாப் பூவுலயும் அடிச்சுட்டியா? ஒன்னு தப்பியிருந்தாச் சொல்லு. இதைக் கக்கிட்டு அதைத் தின்னுக்கறேன்."

ஏழு மொட்டிலும் தெளித்திருந்தாள். இலைக்கு அடியிலும். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு டிக்.

வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

எதிர்வீட்டில் இன்னும் விளக்கு எரியவில்லை. மதிலுக்கு மேல் ஒரு கிளை. உயரத்தில், அதே ஒற்றை அடுக்குச் செம்பருத்தி. கொக்கிக் கம்புக்காரர்கள் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

கதவைத் தட்டி எழுப்பலாம். எழுப்பினால், எதற்கென்று சொல்ல வேண்டும்.

சொம்பைக் கோமளாவின் கையில் திணித்தாள்.

செருப்பைக் கழற்றினாள்.

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.