நாலாவது மூலை நட்சத்திரம்

“மிதிச்சிட்டீங்களே!” என்று மீனா அலறினாள். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார் அவள் புருஷன் பேயாண்டி.

ஒத்தக்கடையில் அவர்கள் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் வாசல் மூலையில், தரையில் காவிப்பொடியால் ஒரு நட்சத்திரம். ஆறு முனையும் நூல் பிடித்த மாதிரி இருந்தன.

“எவனோ கிறுக்கியிருக்கான்ணே,” என்றார் கொத்தனார் முத்திருளன். இடுப்பைப் பிடித்தபடி கடப்பாரையை எடுத்தார். “நகருங்க. இன்னைக்கு இந்தத் தூணுக்குக் குழி வெட்டலைன்னா வேற கொத்தனாரப் பாத்துக்கிறேன்னு நேத்துச் சொன்னீங்கள்ல.”

மூன்று குழி வெட்டியதிலேயே அவர் இடுப்பு விட்டுப்போயிருந்தது. நாலாவதுக்கு ஆள் கேட்டபோது, “ஒத்தக் குழிக்கு ஒரு ஆளா?” என்று பேயாண்டி சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

“தொடாதீங்கண்ணே! விவரம் தெரிஞ்சவுக யாரையாச்சும் கூப்பிடுங்க,” என்றாள் மீனா.

“டீக்கடையில ஒரு சாமியாடி உக்காந்திருக்காரு. எனக்கு அதுலயெல்லாம் நம்பிக்கை இல்ல தங்கச்சி.”

சாமியாடி வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, விரலெல்லாம் வெடிப்பு. நட்சத்திரத்தை மூன்று முறை சுற்றினார்.

“மேல பாக்குற முக்கோணம் நெருப்பு. கீழ பாக்குறது தண்ணி. ரெண்டும் பின்னிக்கிட்டா ஆறு முனை. திருநீறுல போட்டா முருகன் சக்கரம், வீட்டக் காக்கும். காவியில போட்டிருந்தா, அடியில செய்வினைத் தகடு கெடக்குன்னு அர்த்தம்.”

“எம்புட்டு ஆழத்துல சாமி?” பேயாண்டிக்குக் குரல் இறங்கிவிட்டது.

“நாலடி. அகலமும் நாலடி. வீட்டுக்காரன் கையாலதான் வெட்டணும். கூலியாள் கை பட்டா தகடு எடம் மாறிரும்.”

பேயாண்டி வேட்டியை மடித்துக் கட்டினார். வெயில் ஏற ஏறச் செம்மண்ணும் கல்லுமாக வெளியே வந்தது. தகடு வரவில்லை.

“பக்கத்த நேராச் செதுக்குங்கண்ணே. மூலையில கீலையில ஒளிஞ்சிருக்கப் போகுது,” என்றார் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்த முத்திருளன்.

நாலடி முடிந்ததும் சாமியாடி குழிக்குள் எட்டிப் பார்த்தார். “ஓடிருச்சு. இனி பயமில்ல.” காணிக்கைகூட வேண்டாம் என்றுவிட்டார். மீனா கையெடுத்துக் கும்பிட்டாள்.

சாயங்காலம் மேலூர் பஸ்ஸுக்கு நிற்கையில், நெற்றித் திருநீற்றைத் துண்டால் துடைத்துக்கொண்டே சாமியாடி முத்திருளனிடம் கேட்டார்:

“மாப்ள, செப்டிக் டேங்க் குழிக்கு என்ன வரையப் போற?”