அவர் கொடுத்த சட்டை

"மனுஷன் உசுருக்குப் போராடிக்கிட்டிருக்கான். இந்தம்மா கம்ப்யூட்டர்ல கதை எழுதிக்கிட்டிருக்கு."

இளையபெருமாள் போட்ட சத்தத்தில் அரசு ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. கரைவேட்டி, வெற்று மார்பு, தோளில் ஒரு துண்டு.

குத்தகை நிலத்தைக் காலி செய்யச் சொல்லி வைரக்கண்ணு மேல் கேஸ் நடத்துகிறவர் அவர். அந்த வைரக்கண்ணு பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு வயலில் வெற்றுடம்போடு நினைவில்லாமல் கிடந்தாராம். பகையைப் பார்க்காமல் தன் காரிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். போட்டிருந்த சட்டையைக்கூடக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டிருக்கிறார். பார்த்தவர்கள் எல்லாம் உருகிப்போனார்கள்.

டாக்டர் ஹமீதா பானு உருகவில்லை. ஊசி போட்டார். சட்டையைக் கழற்றி உடம்பை நன்றாகக் கழுவிவிடும்படி நர்ஸிடம் சொன்னார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். எங்கே கிடந்தார், முதலில் பார்த்தது யார், இந்தச் சட்டை யாருடையது என்று கேள்வி மேல் கேள்வி.

"சட்டை யாரோடதா இருந்தா உங்களுக்கு என்னங்க? கம்ப்யூட்டர் லிஸ்ட்லயே 'விஷம் குடித்தவர்'னு இருக்குல்ல. அதைத் தட்டிவிட்டு தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

கூட்டமும் அவர் பக்கம்தான். வைத்தியம் பார்க்கத் துப்பில்லை, சட்டைக்கு விசாரணையா என்று பின்னாலிருந்து ஒருவர் வைதார்.

ஹமீதாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "அந்த ஒத்த வரியைத் தட்டினா, தஞ்சாவூர்லயும் வயித்தைத்தான் கழுவுவாங்க. நாளைக்குப் போலீசு, கோர்ட்டு எல்லாத்துக்கும் அதுதான் உண்மை. அங்கே வந்து பேச நான் இருக்க மாட்டேன். நான் எழுதினதுதான் இருக்கும்."

"அப்படி என்னத்தை எழுதிட்டீங்க?"

ஹமீதா திரையைப் பார்த்து வாசித்தார். "வாயில் பூச்சிமருந்து வாடை இல்லை. முதுகு முழுக்க மருந்து, தோல் வெந்திருக்கிறது. விஷம் தோல் வழியாக ஏறியிருக்கிறது."

"குடிக்கும்போது சிந்தியிருக்கும்."

"முதுகுலயா?"

இளையபெருமாள் துண்டை இழுத்து மார்பை மூடிக்கொண்டார்.

ஹமீதா மீதியையும் வாசித்தார். "சட்டையின் உள்பக்கம் மட்டும் ஈரம். வெளியே இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. உடம்பில் மருந்து பட்ட பிறகு போட்டுவிட்ட சட்டை."

கூட்டம் இப்போது இளையபெருமாளைத் திரும்பிப் பார்த்தது.

"இன்னும் ஒரு வரி பாக்கி இருக்குங்க. முதுகுல மருந்தை ஊத்தினப்போ வைரக்கண்ணு போட்டிருந்த சட்டையை எங்கே ஒளிச்சு வச்சிருக்கீங்க?"