வெளிநாட்டில் பிறந்த பிள்ளை

கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தையல்காரி நான்காவது முறையாகக் குடியுரிமை அலுவலகத்தில் நின்றாள். குடியுரிமை இல்லாவிட்டால் மகளை எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளாது.

"நீங்களே வெளிநாட்டுல பிறந்தவங்கதான். உங்கப்பாவால உங்களுக்குக் கிடைச்சுது. அது உங்களோட முடிஞ்சுது. உங்க குழந்தைக்கு வராதும்மா," என்றார் அதிகாரி.

"எங்கம்மா என்னை அங்கதான் பெத்தாங்க. நானும் இவளை அங்கதான் பெத்தேன். அது ஒரு குத்தமா சார்?"

"அங்க அப்படி என்னதான் இருக்கு?"

"நல்லா காத்து வரும் சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி, அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரே வழிதான். பெத்தவங்களும் பிள்ளையும் மூணு வருஷம் இந்த நாட்டுலயே தங்கணும். ஒரு ராத்திரிகூட அங்க போய்ப் படுக்கக் கூடாது. நாடு விட்டு நாடு வர்றது லேசுப்பட்ட காரியமில்லம்மா. வீட்டுக்காரரோட நல்லா யோசிச்சு முடிவெடுங்க."

"இவ்வளவுதானா? இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே சார்."

வீட்டுக்கு வந்ததும் கணவனை அழைத்தாள்.

"கட்டிலை அந்தப் பக்கம் பிடிங்க. சமையலறைக்குக் குடிபோறோம். மூணு வருஷத்துக்கு."

என்றோ எவரோ வரைபடத்தில் இழுத்த எல்லைக்கோடு அவர்கள் வீட்டுக்குள்தான் ஓடியது. சமையலறை இந்த நாடு. படுக்கையறை அந்த நாடு.

கட்டிலைத் தூக்கிய கணவன் வாசற்படியில் நின்றான். "அப்போ அடுப்பு?"

"அதை வெளிநாட்டுக்கு அனுப்பிடலாம். அது என்ன, பிள்ளையா பெத்துக்கப் போகுது?"