பதினோரு மணிக்குக் கல்யாணம்

மகிழினிக்குப் பதினோரு மணிக்குக் கல்யாணம் என்று அவள் கையிலிருந்த ஆர்கனைசர் என்ற எலக்ட்ரானிக் டைரி கூவியபோது, அவள் ஒரு டாக்டரின் கிளினிக்கில் மருந்து சாம்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மாப்பிள்ளை யார் என்று அதில் போடவில்லை.

'ராயபுரம் ரெஜிஸ்டர் ஆபீஸ். கல்யாணம். மாலை, சாட்சி, போட்டோ, டெத் சர்டிபிகேட் ஜெராக்ஸ்' என்று ஆங்கில எழுத்தில் தமிழ் ஓடியது. அவள் எழுதியதில்லை. கல்யாணத்தைப் பற்றி அவள் யோசித்ததுகூட இல்லை.

விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. கம்பெனி இந்தப் புது ஆர்கனைசரைக் கொடுத்ததும், பர்மா பஜாரில் தான் வாங்கிய பழையதை வீட்டில் போட்டுவிட்டாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டுக்கும் அவள் பெயர்தான். மாற்ற வேண்டும் என்று நினைத்து, சோம்பலில் அப்படியே விட்டிருந்தாள்.

அதனால் பழையதில் யார் எதைக் கிறுக்கினாலும், கம்ப்யூட்டரோடு வயரில் இணைந்த ஸ்டாண்டில் வைத்துப் பட்டனை அழுத்தியதும் அது கம்ப்யூட்டருக்குப் போய், மறுநாள் காலை அவள் தன்னுடையதை வைத்து அழுத்தும்போது அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நைனா சர்க்கரை மாத்திரைக்கு வைத்த அலாரம் ஒருமுறை பெரிய டாக்டர் முன்னால் அடித்து மானத்தை வாங்கியது. தம்பி எழிலன் பார்க்க வேண்டிய இன்சூரன்ஸ் பார்ட்டிகளின் பெயர்களும் இப்படித்தான் வந்து சேரும்.

கல்யாணம் என்றால் அது எழிலன்தான். இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு டெத் சர்டிபிகேட் தினப்படி சமாச்சாரம். போகிற வழியில் அந்த வேலையையும் முடித்துவிடலாம் என்று சேர்த்து எழுதியிருப்பான், கஞ்சப்பயல்.

எழிலனுக்கு ஜானட் மேல் உயிர். ஜானட்டின் அண்ணன் பென்னி காசிமேட்டில் படகு வைத்திருப்பவன். போன ஞாயிற்றுக்கிழமை இவர்கள் இருக்கும் புளியந்தோப்புக் குடியிருப்புக்கே வந்து, மாடிப்படியடியில் அம்மாவை நிறுத்தி, உன் பிள்ளையை என் தங்கச்சி பக்கத்தில் பார்த்தால் கடலில்தான் தேடவேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் கத்தவில்லை. அதுதான் மகிழினியைத் தூங்கவிடாமல் அடித்தது.

தம்பியின் செல் அணைத்துக் கிடந்தது. டாக்டராவது, மருந்தாவது என்று ஷேர் ஆட்டோ பிடித்தாள். ஐப்பசி மழையில் ரோடெல்லாம் குளம். கண்டெய்னர் லாரிகள் வழிவிடாமல் நின்றன. வழியெல்லாம் அம்மாவை நினைத்துக்கொண்டே போனாள். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அம்மா தாங்கமாட்டாள்.

ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில், கையில் மாலைப் பொட்டலத்தோடு எழிலனேதான் நின்றுகொண்டிருந்தான். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"இன்னாடா பண்ணிகினு கீற? பென்னி கண்ணுல பட்டா உன்ன உசுரோட வுடுவானா?"

"எனக்கில்லக்கா. நான் சும்மா சாட்சி."

அவன் கண்கள் சிவந்திருந்தன. அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே கைகாட்டினான்.

உள்ளேயிருந்து நைனா வந்தார். துறைமுகத்தில் சரக்கு எண்ணி ரிட்டையரான லோகநாதன், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், தலைக்கு மை பூசிக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி இருந்தார். மகளைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. யார் சொன்னது என்று முணுமுணுத்தார். அவள் ஆர்கனைசரை நீட்டினாள். ஸ்டாண்டில் வைத்துப் பட்டனை அழுத்தினால் சார்ஜ் ஏறும் என்றுதான் அந்த மனிதர் இத்தனை நாளும் நம்பியிருந்தார்.

மகிழினிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த மனுஷனுக்காக அம்மா ஒரு நாள் படுத்து ஓய்வெடுத்தது கிடையாது. நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது சுடச்சுடச் சோறு வேண்டும் என்று விழித்தே காலத்தைக் கழித்தவள்.

"இந்த வயசுல உனக்கு இன்னொருத்தி கேக்குதா நைனா? அம்மாக்குத் தெரியுமா?"

லோகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவளும் குரலைத் தணிக்கவில்லை.

"மெதுவா பேசுடி. உள்ள ஆபீசரு கீறாரு."

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது அம்மா ரமாபாய். அரக்குப் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. கூச்சத்தில் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள்.

மகிழினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நைனாவுக்கு இந்த வருஷம் அறுபது. அறுபதாம் கல்யாணத்தைப் பிள்ளைகளிடம் சொல்ல வெட்கப்பட்டு, கிழடு இரண்டும் திருட்டுத்தனமாக வந்திருக்கின்றன. சொல்லியிருந்தால் குடியிருப்புக்கே பிரியாணி போட்டிருப்பாளே. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அம்மாவின் கன்னத்தை வழித்தாள்.

"கட்டுன பொண்டாட்டியவே ரெண்டாவது தபா கட்டிக்கிறதுக்கு ரெஜிஸ்டர் ஆபீசு எதுக்கும்மா?"

யாரும் சிரிக்கவில்லை. எழிலன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ரமாபாய்தான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க நைனாவோட பொண்டாட்டி இந்த ஆடியிலதான்டி செத்தாங்க."